உஷார்! அந்தத் தவளையின் வாயைத் திறக்காதீர்கள்

புதிதாக மரத்தவளை வாங்கி வந்திருக்கிறீர்கள். நாலைந்து நாளாக அது எதையும் தொடவில்லை. அந்தக் கலக்கத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் கையிலிருக்கும் இடுக்கியைக் கீழே வையுங்கள். சிரிஞ்சில் எதையாவது கரைத்து வைத்திருந்தால் வாஷ்பேசினில் கொட்டுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசு விரட்டி ஓடிக்கொண்டிருந்தால் உடனே பிடுங்குங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

போன மாதம் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன்.

"மாமா, ஏழு நாளாச்சு. ரெண்டுமே ஒண்ணும் சாப்பிடல. கடைக்காரர் வாயைத் திறந்து ஊட்டிடச் சொல்றாரு. வீடியோகூட அனுப்பியிருக்காரு. ஊட்டட்டுமா?"

"தொடாதே. நான் வர்றேன்."

பெரம்பூரிலிருந்து ஆதம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போனேன். தவளைக்காக நடுராத்திரியில் ஆட்டோ பிடிக்கிறவனைப் பற்றி என் மனைவி சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் எனக்கு அந்த அவசரம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் இதே அவசரத்தில் நானே ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

அதுவும் ஒயிட்ஸ் மரத்தவளைதான். ஆஸ்திரேலியப் பச்சைத் தவளை என்றும் சொல்வார்கள். உருண்டையாக இருப்பதால் கடைகளில் 'டம்பி'. வந்து நாலு நாள் ஆகியும் அது சாப்பிடவில்லை. ஒரு பழைய விசிட்டிங் கார்டின் மூலையைச் சரிவாக வெட்டி, இடது கையில் தவளையைப் பிடித்துக்கொண்டு, மூக்கு நுனிக்குக் கீழே உதட்டு விளிம்பில் அந்த மூலையை நுழைத்து நெம்பினேன். தவளை கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது. கைக்குழந்தை மருந்துச் சங்கைத் தள்ளுமே, அதே மாதிரி முன்கால் இரண்டாலும் என் விரலைத் தள்ளியது. நான் விடவில்லை. காதுக்குக் கேட்டதா, விரலுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. லேசாக ஒரு 'டிக்'. வாய் திறந்தது. புழுவை வைத்தேன். வாயை மூடிக்கொண்டதும் விழுங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். காலையில் பார்த்தால் புழு தரையில் கிடந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூன்றாம் நாள் தவளை செத்துப்போனது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் தவளை பெரும்பாலும் நம் கையால்தான் கெடுகிறது. அதன் தாடை எலும்பு ஈர்க்குச்சி கனம்தான் இருக்கும். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாசல். சிரிஞ்சில் கரைத்து ஊற்றுவது வயிற்றுக்குப் போகிறதா, நுரையீரலுக்குப் போகிறதா என்று நமக்குத் தெரியாது. மருத்துவர் குழாய் வைத்து ஊட்டுவது வேறு சங்கதி. அவருக்கு வழி தெரியும். கடைக்காரர் அனுப்பும் முப்பது நொடி வீடியோவில் அந்த வழி தெரியாது. ஊட்டிய மறுநாள் என்ன ஆனது என்பதும் அந்த வீடியோவில் வராது.

வந்த புதிதில் தவளை ஏன் சாப்பிடுவதில்லை? அது வந்த பாதையை நினைத்துப் பாருங்கள். உயிருள்ள நாட்டு விலங்குகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்ப ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. எனவே உங்கள் வீட்டு 'ஆஸ்திரேலியன்' வேறெங்கோ தொட்டியில் பிறந்ததாக இருக்கும். இல்லையென்றால் இதே இனம் வாழும் இந்தோனேசியப் பக்கத்து நியூ கினியிலிருந்து காட்டில் பிடித்து ஏற்றுமதியானதாக இருக்கும். ஈரப் பஞ்சு போட்ட டப்பா, பெட்டி, கிடங்கு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, பிறகு உங்கள் பைக்கின் டேங்க் கவர். தோலாலேயே குடித்து, தோலாலும் மூச்சு விடும் ஒரு பிராணிக்கு இவ்வளவு இடமாற்றம். புது வீட்டுக்குப் போன முதல் ராத்திரி நமக்கே தூக்கம் வருவதில்லை.

ஆகவே காத்திருக்கலாம். ஆனால் எவ்வளவு நாள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நன்றாக வளர்ந்த, கொழுப்பு சேர்ந்த ஒயிட்ஸ் தவளை இரண்டு வாரம் சாப்பிடாவிட்டாலும் தாங்கும். கண்ணுக்குப் பின்னாலிருந்து காதுச் சவ்வுக்கு மேலாக ஓடும் தோல் மேடுதான் அதன் சேமிப்புக் கணக்கு. அது உப்பலாக இருந்தால் பயப்பட வேண்டாம். தட்டையாகி, இடுப்பெலும்பு துருத்தினால் பயப்பட வேண்டும். கட்டைவிரல் அளவுக் குஞ்சின் கதையே வேறு. அதற்குச் சேமிப்பு என்று ஒன்று இல்லை; தினமும் சாப்பிட வேண்டிய வயது. நாலைந்து நாளுக்கு மேல் அது பட்டினி கிடந்தால் 'பழகட்டும்' என்று சும்மா இருக்கக் கூடாது. நம் ஊரில் விற்பதில் பாதிக்கு மேல் இந்தக் கட்டைவிரல் அளவுதான். விலை குறைவு, பார்க்கவும் அழகு.

அக்கா வீட்டில் இரண்டு தவளை. ஒன்று உள்ளங்கையை நிறைக்கும், இன்னொன்று கட்டைவிரல். இரண்டும் ஒரே தொட்டியில். அறைக்குள் நுழைந்த உடனே எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். ஒயிட்ஸ் தவளை தன் வாய்க்குள் அடங்கும் எதையும் இரை என்றே நினைக்கும். சொந்தக்காரன் என்றெல்லாம் பார்க்காது. விழுங்காவிட்டாலும், பெரியது உட்கார்ந்திருக்கும் இடத்தில் சின்னது அசையவே அஞ்சும். ஏழு நாளாக அந்தக் குஞ்சு தொட்டியின் மேல் மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். "அமைதியான பையன் மாமா" என்றான் அக்கா மகன். முதலில் அதை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றினேன். மூடியில் ஓட்டை போட்டு, ஈரமாக்கிய டிஷ்யூ பேப்பர் விரித்து.

மற்றதைப் பார்க்கப் பார்க்கத் தவளைகள் சாப்பிட்டிருந்தால்தான் ஆச்சரியம் என்று ஆனது. தொட்டி டிவி மேஜையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். தவளை அழகாகத் தெரியட்டும் என்று ராத்திரியெல்லாம் வெள்ளை பல்பு. ஏசி 20-ல். சுவரில் கொசு விரட்டித் திரவம். தொட்டித் தரையில் மீன் தொட்டிக்கான கூழாங்கல். கண்ணாடிக் கிண்ணத்தில் பத்துப் பதினைந்து மீல்வோர்ம், பாதி செத்துக் கறுத்திருந்தன. நண்பர்கள் வந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்.

அக்கா கதவோரமாக நின்றுகொண்டு, "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன், கண்ணாடிக்குள்ள இருக்கிறதை விட்டுடுவானா?" என்றாள். கல்லுக்குள் கொசு விரட்டி கிடையாது என்றேன். மீனுக்கும் தவளைக்கும் ஆகாத பைரித்ராய்டு வகை ரசாயனம் அதில் இருக்கிறது. ஸ்ப்ரே, சுருள், திரவம் பெரும்பாலும் அந்த வம்சம்தான். அறையில் ஃபினாயில் போட்டுத் துடைப்பது, சாம்பிராணிப் புகை, ரூம் ஸ்ப்ரே, எதுவும் வேண்டாம். காற்றில் இருப்பதும் தண்ணீரில் கரைவதும் நேராகத் தவளையின் தோலுக்குள் போகும். சானிடைசர் தடவிய கையோடு தூக்கினால், அதைத் தவளைக்குக் குடிக்கக் கொடுத்த மாதிரிதான்.

தண்ணீர்க் கிண்ணம் பளிச்சென்று இருந்தது. "ஆர்.ஓ. தண்ணிதான் மாமா. நாம குடிக்கிறதேதான்." பெருமையாகத்தான் சொன்னான். தப்பு அங்கேயும் இருந்தது.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் இருக்கும் மெல்லிய தோல் வழியாக உறிஞ்சுகிறது. ஈரத்தில் உட்கார்ந்தாலே குடித்த மாதிரி. அதே வழியில் உப்பும் போய் வரும். தாது எல்லாம் வடிகட்டிய தண்ணீரில் நாள்கணக்கில் உட்கார்ந்தால் உடம்பிலிருக்கும் உப்பு மெல்ல மெல்ல வெளியே கசியும். கேன் தண்ணீரும் அநேகமாக அதே கதை. சரி, குழாய்த் தண்ணீர்? மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், தோல் எரியும். அகல வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், ஆனால் குளோரமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது. கொளத்தூரில் எந்த மீன் கடையிலும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும். அளவு பார்த்து விட்டுக் கலக்கினால் வேலை முடிந்தது. போர் தண்ணீர் என்றால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம். சென்னையில் பல தெருக்களில் கரிக்கும். கிண்ணத்தில் தவளை உட்கார்ந்தால் தலை வெளியே இருக்கிற ஆழம் போதும். தினமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அது குடிப்பதும் அதில்தான், கழிப்பதும் அதில்தான்.

ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. தவளையின் உடம்பு, சுற்றியிருக்கும் காற்றின் சூட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும், உள்ளே போனது அழுகும். அதனால் குளிரில் தவளை சாப்பிடாமல் இருப்பது புத்திசாலித்தனம். பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் இரண்டு மூன்று குறைந்தால் பரவாயில்லை. ஏசி ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஒயிட்ஸ் தவளைக்குக் காற்றில் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். சென்னைக் காற்றில் அது சாதாரணமாகவே இருக்கும், ஏசி அறையில் இருக்காது. இன்னொரு பக்கம், மே மாத வெயிலில் ஜன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். வெப்பமானியும் ஈரமானியும் சேர்ந்த சின்னக் கருவி, பெரிய விலை இல்லை. தவளைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இதற்குக் கஞ்சத்தனம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை.

கூழாங்கற்களை எடுத்துக் கொட்டினோம். பூச்சியைப் பிடிக்கப் பாயும்போது கல்லையும் சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டால், அதுவே பட்டினிக்குக் காரணமாகிவிடும். முதல் ஒன்றிரண்டு மாதம் வெறும் ஈர டிஷ்யூ போதும். அசிங்கமாக இருக்கும், ஆனால் எச்சம் போனதா என்று தெரியும்.

இனி சாப்பாடு. கிண்ணத்தில் செத்துக் கிடக்கும் புழுவைத் தவளை உணவாகவே பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்கு அசைவுதான் இரை. அதுவும் இருட்டிய பிறகு. பகலில் காலை மடித்து, கண்ணை மூடி, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் ஆரோக்கியம். ஆபீஸ் போகிற அவசரத்தில் காலை எட்டு மணிக்கு நீட்டிவிட்டு, "சாப்பிடல" என்று வருத்தப்படக் கூடாது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, அடுத்த அறை வெளிச்சம் லேசாக விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு, உயிருள்ள கிரிக்கெட் பூச்சி இரண்டை விடுங்கள். தவளையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைவிடப் பூச்சி நீளமாக இருக்கக் கூடாது. அப்புறம் எழுந்து போங்கள். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தால், தவளைக்கு நீங்கள் கொக்கு.

காலையில் மிச்சமிருக்கும் பூச்சிகளைக் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். பசித்த கிரிக்கெட், தூங்கும் தவளையின் தோலைக் கடிக்கும். அந்தக் கடி புண்ணாகி, புண் சீழ் பிடித்து... இரைதான் வேட்டையாடுகிறது அப்போது.

சென்னையில் இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. கிரிக்கெட் சுலபமாகக் கிடைப்பதில்லை என்று வீட்டுக் கரப்பானையும், மொட்டைமாடியில் பறக்கும் பூச்சியையும் பிடித்துப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டில் ஜெல் வைத்திருப்பார்கள், எதிர் வீட்டில் மருந்து அடித்திருப்பார்கள். அந்தக் கரப்பான் விஷத்தைச் சுமந்துகொண்டுதான் ஓடி வரும். மின்மினியைப் போட்டுவிடாதீர்கள், அதன் உடம்பிலேயே நஞ்சு இருக்கிறது. பூச்சி யாரிடம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டுதான் தவளை வாங்க வேண்டும். நாம் தவளையை வாங்கிய பிறகு பூச்சியைத் தேடுகிறோம்.

இத்தனையும் சரி செய்த பிறகும் சாப்பிடாவிட்டால், தவளை மறுக்கிறதா, அல்லது அதனால் முடியவில்லையா என்று பாருங்கள். உயிர் போகிற இடம் இது. அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பூச்சி நடக்கும்போது தவளை தலையைத் திருப்பிப் பார்க்கிறதா? பார்த்துவிட்டு நாக்கை நீட்டி, பூச்சி ஒட்டாமல் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறதா? அப்படியென்றால் பசி இருக்கிறது, நாக்கில் பசை இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கில் பிசின் சுரக்கும் சுரப்பிகள் கெட்டுப்போகும். இதைக் 'குட்டை நாக்கு நோய்' என்பார்கள். நாக்கு நிஜமாகக் குட்டையாவதில்லை, பிடிக்க முடியாததால் அப்படித் தோன்றுகிறது. கிரிக்கெட்டுக்கு கேரட் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கேரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் திறன் பல தவளைகளுக்குப் போதாது என்றே வல்லுநர்கள் கருதுகிறார்கள். நேரடி வைட்டமின் ஏ உள்ள பொடி வேண்டும். அதுவும் அளவு மீறினால் நஞ்சு, மருத்துவரைக் கேட்டுத்தான்.

பிடித்த பூச்சியை வாயில் இறுக்கிப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுகிறதா? கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைந்து தெரிகிறதா? கால்சியம் போதவில்லை. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியமும் வைட்டமின் டி3-யும் சேர்ந்த பொடியில் புரட்டாமல் மாதக்கணக்கில் பூச்சி போட்டுவந்த கடையிலிருந்து வரும் தவளைக்கு எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். நான் ஆறு வருடத்துக்கு முன் நெம்பிய தாடையும் இப்படி இற்றுப்போனதாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். ஒரு நாள் தவளை திடீரென்று கொட்டாவி விடுவது போல வாயைப் பிளந்து பிளந்து மூடும். உடம்பை முறுக்கும், முன்காலால் முகத்தைத் துடைக்கும். மூச்சுத் திணறுகிறது என்று எனக்கு மூன்று பேர் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். பட்டினி கிடப்பது அதை மட்டும் சாப்பிடுகிறதே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்தத் தோல் உரிப்பு நிற்காமல் தொடர்ந்தால்? தண்ணீரில் சல்லடைத் துணி மாதிரித் தோல் துண்டுகள் மிதந்தால்? பகலிலும் தரையில் காலைப் பரப்பி உட்கார்ந்து, தொட்டாலும் நகராமல் இருந்தால்? மல்லாந்தால் தானாகத் திரும்ப முடியாவிட்டால்? அடிவயிறும் தொடையும் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தால்? அங்கே காத்திருத்தல் முடிந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சிவப்பு, பாக்டீரியா ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம். மற்றவை கைட்ரிட் பூஞ்சையாக இருக்கலாம்.

கைட்ரிட் பற்றித் தெரியாமல் தவளை வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் செத்த ஒரு நீல விஷத்தவளையின் தோலிலிருந்து பிரித்தெடுத்து, 1999-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். 501 வகைத் தவளை, தேரை போன்ற இருவாழ்விகள் குறைந்துபோனதற்கும், அதில் 90 வகை அழிந்தே போயிருக்கலாம் என்பதற்கும் இந்தப் பூஞ்சை நோய்தான் காரணம் என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்குச் சொன்னது. தோலில் வளரும் ஒரு பூஞ்சை எப்படிக் கொல்லும்? 2009-ல் ஆராய்ந்தவர்கள் எடுத்துக்கொண்டது உங்கள் தொட்டியில் இருக்கும் இதே ஆஸ்திரேலியப் பச்சைத் தவளையைத்தான். தோல் கெட்டதும் உப்பை உள்ளே வைத்திருக்க முடியவில்லை, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்தன, இதயம் நின்றது. அதற்கு முன்னால் தெரியும் அடையாளங்களில் ஒன்று, சாப்பாட்டை நிறுத்துவது.

உஷார் என்று நான் கத்துவது உங்கள் தவளைக்காக மட்டும் இல்லை. இந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. தொலைதூரத்திலிருந்து வரும் தவளை, இங்கே இல்லாத இன்னொரு ரகத்தைச் சுமந்து வரலாம். "சாப்பிட மாட்டேங்குது, பாவம், வெளியே விட்டுடலாம்" என்று யாரும் புண்ணியம் தேட வேண்டாம். ஏரியில், கோயில் குளத்தில், கொடைக்கானல் டூரில், எங்கும் விடாதீர்கள். தொட்டித் தண்ணீரைச் செடிக்கும் ஊற்ற வேண்டாம், மழைநீர் வடிகாலிலும் கொட்ட வேண்டாம். ப்ளீச்சிங் கரைசல் கலந்து நேரம் கொடுத்து, அப்புறம் கழிவறையில் ஊற்றுங்கள். செத்துப்போனாலும் தோட்டத்தில் புதைக்கும் சடங்கு வேண்டாம். கவரில் கட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தை உள்ள வீடு என்றால் இன்னும் ஒன்று. அமெரிக்காவில் 2008-க்கும் 2011-க்கும் இடையே, தொட்டியில் வளர்த்த ஆப்பிரிக்கக் குட்டைத் தவளைகளால் 300-க்கும் மேற்பட்டோருக்கு சால்மோனெல்லா தொற்று வந்தது. அதிகம் பாதிக்கப்பட்டது சின்னக் குழந்தைகள். தவளை கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். தொடுவதற்கு முன் சோப்பு வாடையில்லாமல் அலசிய கை, தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவிய கை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எங்கே பிறந்தது? நீங்கள் என்ன பூச்சி, எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுகிறீர்கள்? முடிந்தால் ஒரு மாலை நேரத்தில் போய், அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பில் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். சிவப்புக் கண் மரத்தவளை என்றால் சட்டமும் கூட வரும். மத்திய அமெரிக்காவின் அந்த இனம் 2010 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள்தான் அவகாசம். பழகுவதற்கும் அந்தத் தவளை இன்னும் கூச்சம். முதல் தவளையாக அதை வாங்காதீர்கள்.

அன்றிரவு அக்கா வீட்டில் பல்பை அணைத்து, ஏசியை நிறுத்தி, கொசு விரட்டியைப் பிடுங்கி, தொட்டியின் மூன்று பக்கமும் பழுப்பு அட்டை ஒட்டினோம். தொட்டியை ஹாலிலிருந்து உள் அறைக்கு மாற்றினோம். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளச் சொன்னேன். அக்கா முறைத்தாள். மறுநாள் குஞ்சு கிரிக்கெட் வாங்கிவர அக்கா மகன் அம்பத்தூர் வரை போய் வந்தான்.

ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்த சின்னது, தனியாக வந்த இரண்டாம் இரவு சாப்பிட்டது. நான் பக்கத்தில் இல்லை, அவன்தான் இருட்டில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். முதலில் விரல் ஒன்று லேசாகத் துடித்ததாம். அப்புறம் தலை மட்டும் திரும்பியது. பூச்சி நின்றது, அதுவும் நின்றது. பூச்சி ஓர் அடி எடுத்து வைத்ததும் பாய்ந்துவிட்டது. விழுங்கும்போது இரண்டு கண்ணும் தலைக்குள் அமுங்கிப்போனதைப் பார்த்துப் பயந்து எனக்குப் போன் செய்தான். கண்ணை உள்ளே அழுத்தித்தான் தவளை சாப்பாட்டைத் தொண்டைக்குள் தள்ளும் என்றேன். "அப்ப நல்லதுதானா மாமா?" "நல்லதுடா. கதவை மூடு."

இரண்டையும் வாரம் இரண்டு முறை சமையலறை டிஜிட்டல் தராசில், மூடி போட்ட டப்பாவோடு நிறுத்து, டப்பா எடையைக் கழித்து எழுதி வைக்கச் சொன்னேன். எடையில் பத்தில் ஒரு பங்கு போனால் மேலே பேச்சே கிடையாது, மருத்துவர்தான். சின்னது 6 கிராமிலிருந்து 8 ஆகிவிட்டது. பெரியது பூச்சியைத் திரும்பிப் பார்க்கிறது, ஆனால் இன்னும் பாயவில்லை. இன்றோடு பதினாறு நாள். முதலில் 31 கிராம், நேற்று 30. நாளைக் காலை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். தவளைகளைப் பார்க்கிற மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு வைத்தாயிற்று. அக்கா சமையலுக்கு வேறு தராசு வாங்கிக்கொண்டாள்.